ஜூலை முதல் தேதி மாறும் தலைவர்கள்

அரிமா (லயன்ஸ்), ரோட்டரி போன்ற சேவைச் சங்கங்கள் பள்ளிகளுக்கும் ஊருக்கும் செய்யும் உதவிகளைப் பற்றி மூவர் எழுதியவை இவை.

வெள்ளகோவில் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியை:

நான் பணியாற்றிய நடுநிலைப் பள்ளிக்கு அரிமா சங்கத்தாரும் ரோட்டரி சங்கத்தாரும் மாறி மாறி வந்ததுண்டு. அவர்களால் பிள்ளைகள் அடைந்த நன்மை கொஞ்சமல்ல. ஆனால் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று பார்த்தால், கொடுத்த பொருளின் விலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

எங்கள் வட்டாரத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அந்தத் தண்ணீரைக் குடித்துவந்த பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் ஆர்.ஓ. இயந்திரம் வைத்துத் தந்தது. ரிப்பன் வெட்டினார்கள், சுவரில் கல்வெட்டும் பதித்தார்கள். உப்பு படிந்து, தண்ணீரை வடிகட்டும் மெம்பரேன் அடைத்துக்கொண்டபோது, புதிதாக வந்திருந்த தலைவரிடம் போய்க் கேட்டேன். “அது போன வருசத் தலைவரு பண்ணுனதுங்க டீச்சர். நாங்க இந்த வருசத்துக்கு வேற புராஜெக்ட் எடுத்துட்டமுங்க” என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். இச்சங்கங்களின் ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கி ஜூன் 30 அன்று முடிகிறது, தலைவர் பதவியும் அந்த ஓராண்டுக்குத்தான் என்பதால், முன்னவர் வைத்த இயந்திரத்தைப் பழுது பார்த்தவர் என்று பெயர் வாங்க யாரும் விரும்புவதில்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கண் பரிசோதனை முகாமில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 1925ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த அரிமா மாநாட்டில் பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத எழுத்தாளர் ஹெலன் கெல்லர் வந்து பார்வையற்றோருக்கு உதவுமாறு கேட்டுக்கொண்டதிலிருந்து பார்வைப் பணி அவர்களுக்குப் பரம்பரைச் சொத்துப் போல ஆகிவிட்டது. எங்கள் பள்ளியில் முதல் முறை கொடுத்த கண்ணாடிகள் எல்லாம் ஒரே கறுப்புச் சட்டம், பெரியவர்கள் அளவு. புகைப்படம் எடுத்த மறுவாரம் பாதிப் பிள்ளைகளின் முகத்தில் கண்ணாடி இல்லை. அதை நாங்கள் சொன்ன பிறகு, அடுத்த முறை ஒரு தட்டு நிறையச் சட்டங்களைக் கொண்டுவந்து பிள்ளைகளையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஊதா நிறச் சட்டத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தாள், கழற்றி வைத்தாள், மறுபடியும் அதையே எடுத்தாள்.

அவள் வீட்டில்தான் சிக்கல் வந்தது. “பொட்டப்புள்ளைக்கு இப்பவே கண்ணாடிய மாட்டியுட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?” என்று அவள் அமுச்சி (அம்மாவின் அம்மா) கண்ணாடியை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார். சங்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார், தாமும் சிறுவயது முதல் கண்ணாடி அணிபவர், தறி ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து அந்த வீட்டுக்குப் போனார். திண்ணையில் உட்கார்ந்து தம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கதையெல்லாம் பேசினாரே தவிர, கண்ணாடியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாள் அந்தப் பெண் கண்ணாடியுடன் வந்தாள். இந்தச் செலவு எந்தச் சங்கத்தின் ஆண்டறிக்கையிலும் வராது.

பல்லடம், ஒரு மாணவனின் தந்தை:

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நோட்டுப் புத்தகம் வழங்கும் விழாவென்று காலை பத்து மணிக்கு வரிசையில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள், சிறப்பு விருந்தினர் வந்து, பொன்னாடைகள் எல்லாம் போர்த்தி முடியும்வரை வெயிலில் நின்றார்கள். பொன்னாடைக்கு ஆன பணத்தில் இன்னொரு வகுப்புக்கே நோட்டு வாங்கியிருக்கலாம்.

திருப்பூர், ரோட்டரி உறுப்பினர்:

டீச்சர் எழுதியதை மறுக்க மாட்டேன். ஆனால் தலைவர்கள் மாறினாலும் கைவிடப்படாத வேலை ஒன்று எங்களிடம் உண்டு. 1985ஆம் ஆண்டு போலியோ ஒழிப்பைத் தன் பணியாக ரோட்டரி ஏற்றது. நம் நாட்டில் கடைசியாகப் பதிவான பாதிப்பு 2011 ஜனவரி 13 அன்று, மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் நம் நாடு அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்தைப் போலியோ இல்லாத பகுதி என அறிவித்தது. அந்த நாட்களில் திருப்பூர் ரயில் நிலையத்துச் சொட்டு மருந்து முகாமில் நானும் நின்றிருக்கிறேன். பனியன் கம்பெனி வேலைக்காக வடக்கிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்குபவர்களைத் தவறவிடக் கூடாது என்பதே எங்களுக்கு இடப்பட்ட கட்டளை. ஒருநாள் அப்படி ஒரு தாய் குழந்தையோடு வந்து இறங்கினார். எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நான் மருந்துக் குப்பியைக் காட்டியதும் அவர் குழந்தையின் மூடிய இடக் கையை விரித்துச் சுண்டுவிரலை நீட்டினார். அதில் மை மங்கலாக இருந்தது. வழியில் வேறோர் இடத்திலேயே மருந்து ஊற்றிவிட்டார்கள்.

அந்தப் பணி நிலைத்ததற்குக் காரணம் எங்கள் தனிப் பெருமையல்ல. மருந்தும் பணியாளர்களும் அரசினுடையவை, திட்டம் மேலிடத்தினுடையது. எந்தத் தலைவரும் அதைத் தம் பெயரில் தொடங்கவில்லை என்பதால் யாரும் அதை முன்னவர் வேலை என்று ஒதுக்கவும் இல்லை. குறைந்தது 30,000 டாலர் மதிப்புள்ள உலகளாவிய நிதியுதவித் திட்டங்களுக்கு, ஊர்த் தேவையை ஆராய்ந்த அறிக்கையையும் பிற்காலப் பராமரிப்பு ஏற்பாட்டையும் ரோட்டரி அறக்கட்டளை கேட்கிறது. உள்ளூர்ப் பணத்தில் செய்யும் சிறிய வேலைகளில்தான் இந்தக் கேள்வி விடுபட்டுப் போகிறது. எங்கள் சங்கத்தில் இப்போது இயந்திரம் எதுவும் வழங்குவதானால், அடுத்த ஆண்டுத் தலைவராகப் போகிறவரும் கையெழுத்திட வேண்டும். பராமரிப்புத் தொகையைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கில் முன்கூட்டியே செலுத்திவிடுகிறோம். இதனால் ஆண்டுக்கு நாங்கள் எடுக்கும் திட்டங்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று சில மூத்த உறுப்பினர்களுக்கு இன்னும் வருத்தம்தான்.