ஸ்ஃபிங்க்ஸ் உருவாக்கம் பச்சைக் குறியோடு முடிகிறது. ஆனால் வகுப்பு விளக்கங்கள் காலியாக வருகின்றன

கேள்வி

வணக்கம். எங்கள் பைத்தான் திட்டத்தின் ஆவணங்களை ஸ்ஃபிங்க்ஸ் என்ற ஆவண உருவாக்கக் கருவி கொண்டு எழுதுகிறோம். முதன்மைக் கிளையில் மாற்றம் சேரும்போதெல்லாம் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தானாகவே அவற்றை உருவாக்கி, கிட்ஹப் பேஜஸ் என்ற இணையதளச் சேவையில் ஏற்றும்படி அமைத்திருக்கிறேன். பணிக்கோப்பில் ஸ்ஃபிங்க்ஸை மட்டும் பிப் மூலம் நிறுவிவிட்டு, ‘மேக் ஹெச்டிஎம்எல்’ கட்டளையை ஓட்டுகிறேன். என் மடிக்கணினியில் எல்லாம் சரியாக வருகிறது. தளத்திலோ கையால் எழுதிய பக்கங்கள் இருக்கின்றன. நிரலிலிருந்து விளக்கங்களை எடுக்கும் ஆட்டோடாக் நீட்சி தரவேண்டிய வகுப்பு விளக்கங்கள் இருக்கவேண்டிய இடத்தில் தலைப்பு மட்டுமே நிற்கிறது. பிழை எதுவும் பதிவாகாதபோது எங்கே தேடுவது?

பதில் 1

பிழையைத் தேடாமல் எச்சரிக்கையைத் தேடுங்கள். லாகில் ‘ஆட்டோடாக்: ஃபெயில்ட் டு இம்போர்ட்’ என்று சொல்லும் வரிகள் இருக்கும். ஆட்டோடாக் உங்கள் நிரலை வெறும் உரையாக வாசிப்பதில்லை. பைத்தான் வழியாக உண்மையிலேயே இம்போர்ட் செய்து, அதன்பிறகே விளக்கச் சரங்களை எடுக்கிறது. உங்கள் கணினியில் அந்தத் தொகுப்பு ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும் ஆக்‌ஷன்ஸ் இயந்திரத்தில் அது இல்லை. இம்போர்ட் தோற்றால் ஸ்ஃபிங்க்ஸ் எச்சரித்துவிட்டு மேலே போய்விடும், வெளியேறும் எண்ணும் வெற்றியைக் குறிக்கும் 0 ஆகவே இருக்கும். பச்சைக் குறி அதைத்தான் காட்டுகிறது.

ஆகவே ஆவணத்தை உருவாக்கும் படிக்கு முன்னால் ‘பிப் இன்ஸ்டால்’ கொண்டு உங்கள் தொகுப்பையே நிறுவுங்கள். கூடவே ஸ்ஃபிங்க்ஸுக்குப் பெரிய எழுத்து ‘டபிள்யூ’ தெரிவைக் கொடுத்தால், எச்சரிக்கை இருக்கும்வரை பணி தோல்வியாகவே முடியும். 8.1 பதிப்புக்கு முன்பு முதல் எச்சரிக்கையிலேயே நின்றுவிடும் என்பதால், பழைய பதிப்பானால் ‘கீப் கோயிங்’ தெரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பெரும்பாலான பக்கங்கள் வந்துவிட்டன. ஆனால் ஒரு மாட்யூலுக்கு வரைகலை அட்டையின் இயக்கி வேண்டும். அதை அங்கே நிறுவ வழியில்லை. மேலும் கிட் டேகுகளை (பதிப்புக் குறிகளை) வைத்துச் செட்டப்டூல்ஸ் எஸ்சிஎம் கணிக்கும் பதிப்பு எண், தளத்தில் 0.1 என்று தொடங்குகிறது. எங்கள் பதிப்பு அதைத் தாண்டி வெகுகாலமாகிறது.

பதில் 2

முதலாவதற்கு, ஸ்ஃபிங்க்ஸின் அமைப்புகள் உள்ள ‘கான்ஃப்’ கோப்பில் ‘ஆட்டோடாக் மாக் இம்போர்ட்ஸ்’ பட்டியலில் அந்த நூலகத்தின் பெயரைச் சேர்த்தால், ஸ்ஃபிங்க்ஸ் அதற்கொரு போலியை வைத்து இம்போர்ட்டை நடத்திவிடும். அந்நூலகத்தின் வகுப்பிலிருந்து நீங்கள் மரபுரிமை பெற்றிருந்தால் விளக்கம் கோணலாக வரலாம் என்பதால், தவிர்க்கவே முடியாதவற்றை மட்டும் பட்டியலிடுங்கள். இரண்டாவது எளிது: நிரலை அந்த இயந்திரத்துக்கு எடுத்துவரும் ‘செக்கவுட்’ படி இயல்பாகக் கடைசி கமிட்டை மட்டுமே எடுக்கிறது, டேகுகள் வருவதில்லை. ‘ஃபெட்ச் டெப்த்’ மதிப்பை 0 ஆக்குங்கள்.

பதில் 1 எழுதியவர்

ஒன்று சேர்க்கிறேன். உருவாக்கும் பணியைப் புல் ரிக்வெஸ்ட்டுகளிலும் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகளிலும்) ஓட்டுங்கள், ஏற்றும் பணியை முதன்மைக் கிளைக்கு மட்டும் வையுங்கள். அப்போது உடைந்த ஆவணம் கிளையில் சேரும் முன்பே சிவப்பாகத் தெரிந்துவிடும்.