கிராபிக்ஸ் கார்டில் ஒரு கெபாசிட்டர் பெயர்ந்துவிட்டது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆர்டிஎக்ஸ் 3080 கார்டின் ஹீட்சிங்க்கைக் கழற்றி வாட்டர் பிளாக் (தண்ணீரால் குளிர்விக்கும் பாகம்) மாட்டும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கியதில், ஸ்லாட்டில் சொருகும் தங்கப் பட்டைகளுக்கு மேலே வரிசையாக இருக்கும் குட்டிக் கெபாசிட்டர்களில் ஒன்று தெறித்துவிட்டது. கடுகில் பாதிகூட இருக்காது. தரையெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை.

கார்டு சாகவில்லை. படம் வருகிறது, சூடும் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் கார்டு விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில், 16 லேனுக்குப் (டேட்டா போகும் பாதைகள்) பதில் 8 என்றுதான் காட்டுகிறது. வேறு மதர்போர்டில் போட்டாலும் அதே கதை. அந்தக் கெபாசிட்டர், கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ டேட்டா லைனில் தொடராக உட்காருவது, பொதுவாக 220 நானோஃபாரட். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கப் பேட் (சால்டர் பிடிக்கும் செம்புத் திட்டு) பளிச்சென்று இருக்கிறது. மறுபக்கம் செம்போடு உரிந்து, டிரேஸ் (போர்டில் ஓடும் செம்புக் கோடு) மட்டும் மயிரிழை போலத் தெரிகிறது.

இப்போது கேள்வி: டிரேஸின் மேல் பூச்சைச் சுரண்டி, எனாமல் கம்பியால் ஜம்பர் போட்டால் பிசிஐஇ ஜென் 4 (நான்காம் தலைமுறை) வேகத்துக்குத் தாங்குமா? செத்த கார்டு ஒன்றின் அதே வரிசையிலிருந்து கெபாசிட்டரை எடுத்துப் போடலாமா?

8 லேனிலேயே ஓட்டினாலும் கேமில் பெரிய வித்தியாசம் இருக்காதுதான். ஆனால் நாளைக்கு விற்கப் போனால் வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தானே!

மதுரைப் பக்கம் மைக்ரோஸ்கோப் வைத்து போன் போர்டு வேலை பார்ப்பவர்கள் இதைத் தொடுவார்களா, இல்லை சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டுமா? செய்து பார்த்தவர்கள், என்ன செலவானது என்றும் சொல்லுங்கள். போட்டோ வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.