சுயவேக இணையவழி டிப்ளோமா: படித்து முடித்தவர்களின் வழிகாட்டல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். வேலையை விடாமல், என் வசதிக்கேற்ற வேகத்தில் படிக்கக்கூடிய இணையவழிப் பள்ளி ஒன்றில் சேர்ந்து பள்ளி இறுதி டிப்ளோமா பெற விரும்புகிறேன். இவ்வழியில் ஏற்கெனவே படித்தவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

என் முதல் கவலை அங்கீகாரம் பற்றியது. ஒரு பள்ளி தன்னை அங்கீகாரம் பெற்றதாகச் சொல்லிக்கொண்டாலும், அதை வழங்கிய அமைப்பே பெயரளவிலானதாக இருக்கக்கூடும் என்பதால், அரசு ஏற்கும் அமைப்புகளின் பட்டியலில் அதைத் தேடிப் பார்ப்பதோடு, நான் அடுத்துச் சேர நினைக்கும் கல்லூரியிடமே இந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று எழுத்துமூலம் கேட்டுவிடுவதும் அவசியம் எனக் கருதுகிறேன். பணம் கட்டும் முன் வேறு எவற்றையெல்லாம் நீங்கள் சரிபார்த்தீர்கள்?

முன்பு படித்த பாடங்களின் மதிப்பெண்களைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்களா, காலக்கெடு தாண்டினால் கூடுதல் கட்டணம் உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது ஆசிரியரின் துணை. நான் பார்த்த மாதிரிப் பாடமொன்றில், இயற்கணிதக் கணக்கின் தவறான விடை சிவப்பில் காட்டப்பட்டதே தவிர, எந்தப் படியில் பிசகியது என்று விளக்க யாருமில்லை. நேரம் குறிக்காத படிப்பில் இத்தகைய ஐயங்களை யாரிடம் கேட்டுத் தெளிந்தீர்கள், பதில் வர எவ்வளவு நாளானது என்று விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.