சூட்டிலேயே பிடித்தால்தான் உண்டு: சீரியம் ஆக்சைடு அனுபவங்கள்

முனைவர் பட்டத்துக்காக, சீரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடோடு மாரடித்த காலத்தில் நடந்தது. ஒரு கிராம் எடையுள்ள வெளிர்மஞ்சள் பெல்லட்டை (பொடியை அழுத்திச் செய்த வில்லை) டியூப் ஃபர்னஸ் என்ற குழாய் உலையில் வைத்து, எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவை ஓடவிட்டு, 1500 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றினேன். அந்தச் சூட்டில், சுற்றிலும் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்தால், படிகத்திலிருந்து கொஞ்சம் ஆக்சிஜன் கழன்று போகும். சில சீரியம் அயனிகள் +4 நிலையிலிருந்து +3க்கு இறங்கும். படிகக் கட்டு கலையாது, காலி இடங்கள் மட்டும் விழும். நூறு சீரியத்துக்கு மூன்று ஆக்சிஜன் போனால் ஒரு கிராமில் இழப்பு 2.8 மில்லிகிராம். பெல்லட் கருநீலமாக வரும் என்று எதிர்பார்த்தேன்.

காலையில் போய்ப் பார்த்தால் அதே வெளிர்மஞ்சள். எடையும் அதேதான். ஒன்றும் நடக்கவில்லை என்று நோட்டில் எழுதப்போனபோதுதான் சிலிண்டர் மீட்டர் பூஜ்யத்தில் நிற்பதைக் கவனித்தேன். ராத்திரி ஃபர்னஸ் ஆறும்போது ஆர்கான் தீர்ந்து, காற்று உள்ளே புகுந்து, போன ஆக்சிஜன் முழுக்கத் திரும்பியிருக்கிறது. ஒரே சாட்சி, பெல்லட் இரண்டாகப் பிளந்து கிடந்ததுதான். +3 சீரியம் அளவில் பெரியது. அதனால் ஆக்சிஜன் போனால் பெல்லட் உப்பும், வந்தால் சுருங்கும். ஓரம் முதலில் சுருங்கி, உள்ளே இன்னும் உப்பியே இருந்தால் பிளக்காமல் என்ன செய்யும்?

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

— சூட்டிலேயே எடை பார்த்திருக்கலாமே, உங்கள் லேபில் சூடாக்கிக்கொண்டே எடை பார்க்கும் டிஜிஏ கருவி இல்லையா?

— இருந்தது. வரிசையில் மூன்று வாரம்.

— நமக்கு ஃபர்னஸ் எல்லாம் இல்லை தம்பி, சைலன்சர்தான். வண்டிப் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் பூசியிருப்பதும் இந்தச் சரக்குதான், சிர்கோனியம் கலந்தது. பெட்ரோல் இன்ஜினில் கலவை கொஞ்சம் பெட்ரோல் பக்கமும் கொஞ்சம் காற்றுப் பக்கமும் மாறி மாறி ஆடிக்கொண்டே இருக்கும். காற்று கூடும்போது இது ஆக்சிஜனை வாங்கி வைத்துக்கொள்ளும், பெட்ரோல் கூடும்போது கொடுக்கும். அதனால் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே குதித்தாலும், பின்னால் இருக்கும் சென்சாரின் கோடு அமைதியாக ஓடும்.

ஒருத்தர் பி0420 என்ற பிழை எண் (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம்) வருகிறது என்று இரண்டு தடவை பின் சென்சாரை மாற்றிவிட்டு என்னிடம் வந்தார். ஸ்கேனரைப் போட்டால் பின் கோடும் முன் கோட்டோடு சேர்ந்து குதிக்கிறது. சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, தாங்க முடியாமல் போனது கன்வெர்ட்டர். இதையும் வண்டி ஓடும்போதுதான் பிடிக்க முடியும். கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது.

— நான் சூரிச்சில் படித்தபோது ஈடிஹெச் பல்கலைக்கழகக் கட்டடத்தின் கூரையில் ஒரு சூரியக் குழியாடி இருந்தது. 2019இல் அதைப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். அது வெயிலைக் குவிக்கும் இடத்தில் இருந்த உலைக்குள் நுண்துளைகள் கொண்ட சீரியம் ஆக்சைடு. வெயிலைக் குவித்து 1500 டிகிரிக்கு ஏற்றினால் ஆக்சிஜன் போகும். கொஞ்சம் ஆறவிட்டு, காற்றிலிருந்தே பிடித்த கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் விட்டால், அவற்றிலிருந்து ஆக்சிஜனை உருவிக்கொண்டு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கொடுக்கும். அதிலிருந்து எரிபொருள், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 மில்லி. டீ கிளாஸ் அளவுதான், சரி. ஆனால் உங்கள் பெல்லட்டுக்கு ராத்திரி காற்று செய்ததை அங்கே வேண்டுமென்றே செய்தார்கள்.

— அப்படியானால் கன்வெர்ட்டரும் பிளக்குமா தம்பி?

— அண்ணே, அது 1500க்கெல்லாம் போகாது. சிர்கோனியம் கலந்திருப்பதால் குறைந்த சூட்டிலேயே ஆக்சிஜன் கழலும். ஆனால் பிளக் சரியாகப் பற்றவைக்காமல் மிஸ்ஃபயர் ஆகி, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் 1000ஐத் தாண்டிவிடும். நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும், வாங்கிக் கொடுக்கிற பரப்பு குறையும். உங்கள் ஆள் வண்டியில் அதுதான் நடந்திருக்கும்.

— அடடா. ஸ்பார்க் பிளக்கைப் பார்க்காமலே புது கன்வெர்ட்டரை மாட்டி அனுப்பிவிட்டேனே. இப்போதே கூப்பிடுகிறேன்.