பொருள்: மறு: 'இரண்டாம் புரை' – மாற்றுச் சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். கண்புரை அறுவைக்கு முன் நோயாளர் கையொப்பமிடும் ஒப்புதல் படிவத்தின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். புரை படிந்த வில்லைக்கு மாற்றாகக் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லைக்கு 'உள்விழி வில்லை' என்ற சொல் முடிவாகிவிட்டது. அவ்வில்லையைப் பொருத்திச் சில மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின், அதைத் தாங்கும் உறையின் பின்புறம் மங்கிப் பார்வையை மறைக்கும் நிலையை 'இரண்டாம் புரை' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

கண் மருத்துவர் எழுதியது:
வேண்டாம் அம்மா. அறுவையில் புரை படிந்த இயற்கை வில்லையையே எடுத்துவிடுகிறோம். மீண்டும் புரை வர அங்கே அவ்வில்லை இல்லை. உறையில் எஞ்சிய அதன் உயிரணுக்கள் சில பின்னுறையில் படர்வதுதான் பார்வை மறைவதற்குக் காரணம். 'யாக்' என்னும் வகை லேசர் ஒளிக்கற்றையால் உறையின் நடுவே சிறு திறப்பு உண்டாக்கினால் பெரும்பாலும் பார்வை தெளிந்துவிடும். கண்ணழுத்தம் சற்று உயரலாம், அரிதாக விழித்திரை விலகலாம். அவற்றையும் படிவத்தில் சொல்லுங்கள். ஆனால் 'இரண்டாம் புரை' என்று படிப்பவர், வைத்த வில்லை கெட்டுவிட்டது, மறுபடி கத்தி வைப்பார்கள் என்றே அஞ்சுவார். வில்லையோ வாழ்நாள் முழுதும் உள்ளே இருப்பதற்காகச் செய்யப்படுவது. போர் விமானிகளின் கண்ணில் தைத்த அக்ரிலிக் என்னும் நெகிழிச் சில்லுகளைக் கண் பொறுத்துக்கொண்டதைக் கண்டுதான் ஆங்கிலேயக் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி 1949இல் அதே வகைப் பொருளால் முதல் வில்லையைப் பொருத்தினார். 'பின்னுறை மங்கல்' என்பது என் பரிந்துரை.

தமிழாசிரியர் எழுதியது:
மருத்துவர் ஐயா புரையைத் தள்ளிவைத்தது நன்று. 'புரைதீர்ந்த நன்மை' என்ற குறளில் அது குற்றம். தொல்காப்பியத்திலோ 'புரை உயர்பு ஆகும்', அதாவது உயர்வு. உவம உருபாகவும் வரும். உட்டுளை என்ற பொருளும் உண்டு, 'புரையோடிய புண்' என்கிறோமல்லவா? இத்தனை சுமையுள்ள சொல்லைக் கண்ணில் ஏற்றியதே வியப்பு. நிற்க, 'மங்கல்' ஒளி குன்றுவதைத்தான் குறிக்கும். இங்கே உறை ஒளிபுகாததாகிறது. 'பின்னுறைப் படலம்' என்றால் என்ன?

கண் மருத்துவர் எழுதியது:
வெண்விழியையும் இமையின் உட்புறத்தையும் மூடும் இமையிணைப்படலம் முதலாக விழியில் ஏற்கெனவே படலங்கள் மிகுதி ஐயா. அவை கண்ணின் உறுப்புகள். இது பின்னர் வந்த கோளாறு.

மாணவர் ஒருவர் எழுதியது:
'உறை' என்றாலே தலையணை உறைதான் நினைவுக்கு வரும். 'வில்லைப்பை' என்றால் எவருக்கும் புரியாதா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
'பை' எளிமையானதுதான், ஆனால் படிவத்தில் 'உறை' பல இடங்களில் வந்துவிட்டது. 'பின்னுறை மங்கல்' என்றே எழுதி, 'இது புரை திரும்புவதன்று. வில்லையின் பழுதுமன்று' என்ற வரியை அதன் கீழ் சேர்க்கிறேன்.

தமிழாசிரியர் எழுதியது:
அனுப்புங்கள். 'மங்கல்' குறித்த என் மறுப்பு அப்படியே இருக்கிறது.