புதுப்பிப்பு: எஸ்பிஐ க்ளாக்கில் தெரிந்த ரிங்கிங் எங்கிருந்து வந்தது?

முந்தைய பதிவில் கேட்டது இதுதான்: ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால், 3.3 வோல்ட் எஸ்பிஐ (SPI, சிப்புகள் தமக்குள் தரவு பரிமாறும் இணைப்பு) க்ளாக் சிக்னல் ஒவ்வொரு முறை ஏறும்போதும் 4.5 வோல்ட் வரை எகிறி, ஆடி அடங்குகிறது; இந்த ஆட்டம்தான் ரிங்கிங். குறை போர்டிலா, ஸ்கோப்பை அதோடு இணைக்கும் ப்ரோபிலா? இரண்டிலும்தான், பெரும்பங்கு ப்ரோபுக்கு.

பலர் ப்ரோபின் கிரவுண்ட் வயரைச் சந்தேகப்பட்டீர்கள். சரியான சந்தேகம். வயரின் இண்டக்டன்ஸ் சென்டிமீட்டருக்கு சுமார் 10 நானோஹென்றி என்று வைத்தால், 15 செ.மீ. வயருக்கு 150. ப்ரோப் முனையின் கெபாசிட்டன்ஸ் 10 பிகோஃபாரட். இரண்டும் சேர்ந்து 130 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிரும். திரையில் அளந்த ஆட்டமும் ஏறக்குறைய அதேதான். ப்ரோபின் தொப்பியைக் கழற்றி, முனையை ஒட்டிய உலோக வளையத்தில் அந்த நீள வயருக்குப் பதில் குட்டையான கிரவுண்ட் ஸ்பிரிங்கை மாட்டி, ஐசியின் கிரவுண்ட் பின்னிலேயே வைத்தேன். உச்சம் 3.7 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது.

மிச்சம் நிஜமான ரிங்கிங். கன்ட்ரோலரின் க்ளாக் பின்னை ஒட்டி 33 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டதும் அதுவும் அடங்கியது.

எந்த அளவையும் நம்புவதற்கு முன் ப்ரோப் முனையையும் அதன் கிரவுண்டையும் போர்டின் ஒரே கிரவுண்ட் புள்ளியில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் ஆட்டம் தெரிந்தால் அது உங்கள் சிக்னல் இல்லை.

ப்ரோபை 1எக்ஸ்-இல் (சிக்னலைக் குறைக்காமல் அப்படியே தரும் நிலை) வைத்துப் பார்க்கச் சொன்னவருக்கு: வேண்டாம். அதில் பேண்ட்வித் சில மெகாஹெர்ட்ஸ்தான், கெபாசிட்டன்ஸோ 100 பிகோஃபாரட்டை ஒட்டி வரும். ரிங்கிங் மறைந்ததுபோலத் தெரியும், அவ்வளவுதான்.

இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: மெயின்ஸில் ஓடும் ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் பெரும்பாலும் எர்த்தோடு இணைந்திருக்கும். ஐசோலேஷன் இல்லாத, அதாவது மெயின்ஸிலிருந்து மின்ரீதியாகப் பிரிக்கப்படாத சப்ளையின் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.