ஹாஸ்பிட்டல் சிஸ்டம் மொத்தமும் லாக் ஆயிருச்சு, பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்து போச்சு, என்ன பண்றது?

மண்டபம்_ரிசப்ஷன்:
எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல ஒரு சின்ன தனியார் ஹாஸ்பிட்டல்ல ரிசப்ஷன், பில்லிங், கம்ப்யூட்டர் எல்லாம் நான்தான் பாக்குறேன். 20 பெட்டு, ஒரு லேப், ஒரு ஸ்கேன் ரூம், ரெண்டு டயாலிசிஸ் மெஷின். நேத்து காலைல ஆறே முக்காலுக்கு வந்து பாத்தா மெயின் சிஸ்டத்துல இருந்த எல்லா ஃபைல் பேருக்குப் பின்னாடியும் என்னமோ எழுத்து ஒட்டிருக்கு, எதத் தொட்டாலும் தொறக்கல. ஒரு நோட்பேட் ஃபைல்ல மட்டும் உங்க டேட்டா எங்ககிட்ட இருக்கு, 3 நாளைக்குள்ள பிட்காயின் கட்டுங்கன்னு இங்கிலீஷ்ல இருக்கு. அந்த சிஸ்டத்த ராத்திரி ஆஃப் பண்றதே இல்ல, டாக்டர் வீட்டுலேர்ந்து ரிப்போர்ட் பாப்பாரு.

பேக்கப் எடுக்காம இல்ல. ஆனா இங்க உப்புக் காத்துல முன்பக்க யூஎஸ்பி போர்ட்டெல்லாம் துரு ஏறிப் போச்சு, பின்னாடி இருக்குற ஒரே ஒரு நல்ல போர்ட்டும் கழட்டிக் கழட்டி மாட்டுனா லூசாயிருமேன்னு ஹார்ட் டிஸ்க்க மாட்டுனபடியே விட்டுட்டோம். அதுவும் சேர்ந்து லாக் ஆயிருச்சு.

ஏழு மணிக்கு மொத டயாலிசிஸ். தங்கச்சிமடத்துலேர்ந்து வர்ற ஐயாவுக்கு எவ்வளவு தண்ணி எடுக்கணும்னு முடிவு பண்ண டிரை வெயிட் வேணும், அதாவது உடம்புல கூடுதல் தண்ணி இல்லாதப்ப இருக்க வேண்டிய எடை, அது கம்ப்யூட்டர்லதான் இருக்கு. அவரு சம்சாரம் பைக்குள்ளேர்ந்து தினசரி காலண்டர் தாள் ஒரு கட்டு எடுத்து நீட்டுனாங்க, ஒவ்வொரு தடவையும் முன்னாடி பின்னாடி எவ்வளவு எடைன்னு தாளுக்குப் பின்பக்கம் பேனாவுல எழுதி வச்சிருக்காங்க. அத வச்சுத்தான் டாக்டர் பாத்து மெஷின்ல போட்டாரு. எனக்குக் கையெல்லாம் நடுங்கிருச்சு.

டாக்டர் நல்ல மனுஷன், ஆனா வெளிய தெரிஞ்சா பேரு கெட்டுரும், பேசாம பணத்தக் கட்டிருவோம்ங்குறாரு. கட்டலாமா? போலீசுக்குப் போகணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராம்நாடு_நெட்வொர்க்:
தங்கச்சி, மொதல்ல லேன் ஒயர உருவுங்க, ரவுட்டரையும் ஆஃப் பண்ணுங்க. ஆனா யாரையும் ஃபார்மட் பண்ண விடாதீங்க. கடையிலேர்ந்து ஆள் வந்தா விண்டோஸ் புதுசா போட்டுத் தர்றேன்னுதான் ஆரம்பிப்பாரு, அப்படிப் போட்டா ஆதாரமும் போயிரும், பின்னாடி என்னைக்காவது லாக்க எடுக்குற சாவி, அதாவது ஃபைலத் திரும்பத் தொறக்குற கோடு, கெடச்சா தொறக்குறதுக்கு ஃபைலும் இருக்காது. அந்த டிஸ்க்க அப்படியே கழட்டி தேதி எழுதி பீரோவுல வைங்க, புது டிஸ்க் வாங்கி அதுல வேலைய ஆரம்பிங்க. மிரட்டல் நோட்ட போன்ல போட்டோ எடுத்துக்கங்க. நோ மோர் ரேன்சம்னு ஒரு சைட் இருக்கு, ஐரோப்பிய நாடுகளோட கூட்டுப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் டச்சு போலீசும் ரெண்டு செக்யூரிட்டி கம்பெனியும் சேர்ந்து 2016-ல ஆரம்பிச்சது, லாக் ஆன ஃபைல் ஒண்ணு ரெண்டும் அந்த நோட்டும் போட்டா எந்த வகை வைரஸ்னு பாத்து சாவி இருந்தா இலவசமாத் தருவாங்க, எல்லா வகைக்கும் கெடைக்காது. போடுறப்ப நோயாளி பேரு இல்லாத ஃபைலா பாத்துப் போடுங்க.

டாக்டர் வீட்டுலேர்ந்து பாக்குறாருன்னு சொன்னீங்கல்ல, அனேகமா அந்த வழியாத்தான் வந்திருப்பான். சாஃப்ட்வேர்காரங்க ரவுட்டர்ல 3389 போர்ட்ட, அதான் வெளியிலேர்ந்து சிஸ்டத்துக்குள்ள வர்ற ரிமோட் டெஸ்க்டாப் வாசல, தொறந்து விட்டுட்டுப் போயிருப்பாங்க, பாஸ்வேர்டு ஹாஸ்பிட்டல் பேரும் 123-மா இருக்கும், நான் போய்ப் பாத்த கிளினிக்குல பலதும் இப்படித்தான் இருக்கு. அந்த போர்ட்டு தொறந்திருந்தா உலகம் பூரா இருக்குற ப்ரோகிராமு ராத்திரி பகலா பாஸ்வேர்டு போட்டுப் போட்டு தட்டிக்கிட்டே இருக்கும், உங்க ஹாஸ்பிட்டல் பெருசா சின்னதான்னு அதுக்குத் தெரியாது. மொதல்ல அத மூடுங்க, அப்புறம் டாக்டருக்கு விபிஎன், அதாவது இன்டர்நெட் வழியாவே பூட்டுப் போட்ட தனிப் பாதை, போட்டு ஓடிபியோட குடுங்க.

போலீஸ் விஷயம், கண்டிப்பாப் போகணும். மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு செர்ட்-இன், 2022 ஏப்ரல்ல அவங்க போட்ட உத்தரவுப்படி இந்த மாதிரி தாக்குதல் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குச் சொல்லிருக்கணும், உங்களுக்கு நேரம் தாண்டிருச்சு, பரவால்ல இன்னைக்கே மெயில் போடுங்க. மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுங்க.

கடல்காத்து_77:
சட்டம் பேசுறது ஈசி அண்ணே, ஆனா அங்க நோயாளி உக்காந்திருக்காங்க. கேக்குற பணம் கம்மின்னா கட்டிட்டு வேலையப் பாக்குறதுதான் புத்திசாலித்தனம்னு எனக்குத் தோணுது.

ராம்நாடு_நெட்வொர்க்:
தம்பி, நோயாளிக்காகத்தான் நானும் சொல்றேன். 2024-ல அமெரிக்காவுல சேஞ்ச் ஹெல்த்கேர்னு பெரிய கம்பெனி, ஆஸ்பத்திரி பில்லெல்லாம் அது வழியாத்தான் போகும், 2.2 கோடி டாலர் கட்டுச்சு. கட்டுன பிறகும் டேட்டா எங்ககிட்ட இருக்குன்னு இன்னொரு கும்பல் வந்து மறுபடி மிரட்டுச்சு. அங்கயும் உள்ள நுழைஞ்சது ரிமோட்டா வேலை பாக்குற ஒரு லாகின் வழியாத்தான், அதுக்கு ரெண்டாவது ஓடிபி பூட்டு போடல. அயர்லாந்துல 2021 மே மாசம் அரசு ஆஸ்பத்திரி சிஸ்டம் மொத்தத்தையும் பூட்டுனாங்க, மார்ச்சுல ஒரு ஆளு மெயில்ல வந்த எக்ஸெல் ஃபைலத் தொறந்ததுதான் ஆரம்பம், ரெண்டு மாசம் உள்ளயே உக்காந்திருக்கான் ஒருத்தருக்கும் தெரியல. அப்புறம் அவனே சாவிய காசு வாங்காமக் குடுத்தான், அப்பவும் எல்லாத்தையும் சரி பண்ண செப்டம்பர் ஆயிருச்சு. டெல்லி எய்ம்ஸ்ல 2022 நவம்பர் 23 அடிச்சப்ப 5 சர்வர், 1.3 டெராபைட் டேட்டா லாக் ஆச்சு, ஓபி சீட்டெல்லாம் ரெண்டு வாரம் கையில எழுதுனாங்க. அவங்களக் காப்பாத்துனது பாதிக்கப்படாம தப்பிச்ச ஒரு பேக்கப் சர்வர்.

நர்ஸக்கா_தொண்டி:
தங்கச்சி பயப்படாதம்மா. பழைய டேட்டா எல்லாம் அந்த ஒரு டப்பாவுலதான் இருந்துச்சுன்னு நெனைக்காத. லேப்ல ரத்தம் போடுற மெஷின் இருக்குல்ல, அதுக்குள்ள ரிசல்ட்டு கொஞ்ச நாளுக்கு நிக்கும், போய் மெனுவுல பாரு. ஸ்கேன் மெஷினுக்குத் தனி டிஸ்க்கு. முதலமைச்சர் காப்பீட்டுல அனுப்புன கேசுக்கெல்லாம் பேப்பர் அந்த போர்ட்டல்ல இருக்கும். கர்ப்பிணிங்களுக்கு அரசுல பதிவு பண்ணிக் குடுக்குற பிக்மி நம்பர் வச்சு கிராம நர்ஸ்கிட்ட கேட்டா அவங்க செக்கப் விவரம் வந்துரும். நீ வாட்ஸப்ல அனுப்புன ரிப்போர்ட்டு பிடிஎஃப் எல்லாம் உன் போன்லயே கெடக்கும் பாரு.

இன்னைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் எந்த மருந்து ஒத்துக்காது, ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை போடுறாங்களா, சுகர் ஊசி எத்தனை யூனிட்டு, இந்த மூணையும் கேட்டு நோட்டுல எழுது. ஞாபகத்த வச்சு யாருக்கும் டோஸ் சொல்லாத, பழைய சீட்டையோ மாத்திரை அட்டையையோ கையில வாங்கிப் பாத்துட்டு டாக்டர்கிட்ட காட்டு. அந்த காலண்டர் தாள் அம்மாவுக்கு என் சார்பா ஒரு வணக்கம் சொல்லும்மா.

கீழக்கரை_வாசி:
எல்லாரும் ஃபைல் எப்புடித் திரும்ப வரும்ண்டு பேசுறீங்க, காப்பி அவன்கிட்ட இருக்குல்ல, அதப் பத்தி ஒருத்தரும் பேசல. எங்க வீட்டுல நடந்ததச் சொல்றேன். லாத்தா, அதான் எங்க அக்கா, கொழந்தைக்காக ஒரு இடத்துல ட்ரீட்மெண்ட் பாத்துட்டு இருந்தாங்க, மச்சான் துபாய்ல. வீட்டுல உம்மாவத் தவிர யாருக்கும் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் உம்மாவுக்கு ஒரு போன், ஸ்கேன் எடுத்த தேதி, லாத்தா பேரு, மச்சான் வெளிநாட்டுல இருக்குறது வரைக்கும் சரியாச் சொல்லி, கட்டுன பணத்துல பாதி திரும்ப வருது ஓடிபி சொல்லுங்கண்டு கேட்டுருக்கான். இவ்வளவு தெரிஞ்சவன் ஆஸ்பத்திரி ஆளாத்தான் இருக்கணும்ண்டு நெனச்சு உம்மா சொல்லிப்புட்டாங்க. சைபர் மோசடிக்கான 1930 நம்பருக்கு உடனே அடிச்சதால பணத்துல பாதி நின்னுருச்சு. ஆனா இந்த விஷயம் எங்கயோ எவன் கையிலயோ இருக்குண்டு தெரிஞ்சதுலேர்ந்து லாத்தா ரெண்டு மாசம் ட்ரீட்மெண்டுக்கே போகல. எங்க ஊரு மாதிரி ஊருல ஒருத்தருக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரியும். அந்த எடத்துல எங்ககிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிருந்தா உம்மா அந்தப் போன எடுத்திருக்கவே மாட்டாங்க.

அதனால தங்கச்சி, உங்க டாக்டர்கிட்ட இத வாசிச்சுக் காட்டுங்க. சொன்னா பேரு கெடும்ண்டு அவரு நெனைக்கிறாரு. சொல்லாம இருந்து ஒரு அம்மா இப்படி ஏமாந்தா அந்தப் பேரு திரும்ப வராது.

ராம்நாடு_நெட்வொர்க்:
கீழக்கரை காக்கா, அதான் அந்த அண்ணன், சொன்னதுதான் சரி. 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்துலயும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருத்தருக்கும் சொல்லணும்னு இருக்கு, பாதுகாப்பு சரியா வைக்கலன்னா அபராதம் 250 கோடி வரைக்கும் போகும். விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, முழுசா நடைமுறைக்கு வர 18 மாசம் டைம் குடுத்திருக்காங்க. அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேணாம், இப்பவே சொல்லிருங்க.

பேக்கப்புக்கு ரெண்டு டிஸ்க் வாங்குங்க. பின் போர்ட்டுல ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர நிரந்தரமா குத்தி மேஜை மேல இழுத்து விட்டுருங்க, தேஞ்சா ஒயருதான் தேயும். சாயங்காலம் எடுத்து முடிச்சதும் டிஸ்க்க உருவி மூடி போட்ட டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைங்க, அடுத்த நாள் மத்த டிஸ்க். ஒண்ணு எப்பவும் டாக்டர் வீட்டுல இருக்கட்டும். மாசம் ஒரு தடவை அதுலேர்ந்து பத்து ஃபைலத் தொறந்து பாருங்க.

மண்டபம்_ரிசப்ஷன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன மாதிரி லேப் மெஷினப் பாத்தோம், போன மாசத்துலேர்ந்து உள்ள ரிசல்ட்டு இருக்கு. ஸ்கேன் படமும் இருக்கு. ரவுட்டர்ல 3389 தொறந்துதான் இருந்துச்சு அண்ணே, மூடியாச்சு.

கீழக்கரை காக்கா எழுதுனத டாக்டர் என் போன வாங்கி ரெண்டு தடவை வாசிச்சாரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் புகார எழுதச் சொல்லி கையெழுத்துப் போட்டாரு, பணம் கட்டல. நாளைக்குக் காலைலேர்ந்து ஒவ்வொரு வீட்டுக்கா போன் பண்ணப் போறேன், எங்க பேரச் சொல்லி யார் பணமோ ஓடிபியோ கேட்டாலும் குடுக்காதீங்கன்னு. நம்பர் பாதிதான் என் போன்ல இருக்கு, மீதி வர வரத்தான் வாங்கணும். மொத போன் தங்கச்சிமடம் அம்மாவுக்கு.